டிரைவர் கொண்டு வந்த உருண்டை

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. செம்மேட்டு பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை வேறு. "ரெண்டு வருசந்தானப்பா" என்று நீ சொன்னாய். தையில் உனக்கும் கோமதிக்கும் கல்யாணம், மாசியில் உனக்கு அமெரிக்காவில் வேலை. கோமதியை எங்களோடு மலையில் விட்டுவிட்டு நீ மட்டும் போகிறாய், அம்மாவுக்கும் ஒரு துணையாகப் போச்சு என்றாய். நான் "ம்" என்றேன். அதற்குச் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. உன் அப்பன் முப்பது வருஷம் லாரியில் ஹாரன் அடித்தே பேசிப் பழகினவன். ஒரு விஷயத்தை வாயைத் திறந்து ஒழுங்காகச் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஆபீஸில் வைத்துப் படிக்காதே, ரூமுக்குப் போய் சாப்பிட்டுவிட்டுப் படி.

இந்த ஐப்பசி முழுக்க நான் வீட்டில் இருந்தேன். இதில் என்ன அதிசயம் என்று நீ கேட்கமாட்டாய், உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழு மாசம் நான் நம் வீட்டில் தங்கியது இதுதான் முதல் தடவை. நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், அங்கே இறக்கினால் வேறு ஊருக்கு லோடு, திரும்பி வந்து மலையேறினால் ரெண்டு ராத்திரி, மூணாவது நாள் காலையில் மறுபடி பஸ். புரட்டாசியில் முட்டி கிளச்சை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது, முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்தவுடன் அடைமழை பிடித்துக்கொண்டது. காட்டில் வேலையில்லை, ரோட்டில் ஆளில்லை, மூடுபனி வாசல்படி வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் நானும் உன் அம்மாவும் ஒரு நாயும் ஒரு பூனையும் கோழிகளும்தான். அந்த மாசத்தில் எனக்கு விழுந்த அதிர்ச்சிகளை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். சிலதுக்கு நீ சிரிப்பாய். கடைசியில் ஒன்று இருக்கிறது, அதற்குச் சிரிக்க முடியாது.

முதல் அதிர்ச்சி வந்த மறுநாள் விடியற்காலையிலேயே கிடைத்தது. நான் பாயில் படுத்திருக்கிறேன். வாசலில் உன் அம்மா குரல். "ஏண்டா டிரைவரு, ராத்திரியெல்லாம் எங்கடா சுத்துன? ஊடுன்னு ஒண்ணு இருக்கறது நெனப்பிருக்குதா உனக்கு?" எனக்குத் தூக்கம் பறந்துபோய் விட்டது. வாழ்நாளில் என்னை வாங்க போங்க என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாதவள், கிழவனானதும் இப்படி ஆரம்பித்துவிட்டாளே என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் சேற்றுக்காலோடு நாய் நிற்கிறது. வாலை ஆட்டுகிறது. நாய்க்குப் பேர் டிரைவராம். நான் லீவுக்கு வருகிற ரெண்டு நாளில் மட்டும் அதை மணி என்று கூப்பிடுவீர்களாம், நீயும் கூட்டுக்களவாணியாம். எத்தனை வருஷமாகடா இந்தக் கூத்து நடந்தது? அந்த நாயும் எந்தப் பேரைச் சொன்னாலும் திரும்பிப் பார்த்திருக்கிறது, என்ன சாமர்த்தியம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உன் அம்மாவை நான் வாய் பேசாதவள் என்று நினைத்திருந்தேன். நான் வருகிற அந்த ரெண்டு நாளும் சோறு போடட்டுங்களா, வெந்நீர் வெக்கட்டுங்களா, இதற்கு மேல் பேச்சிருக்காது. நானும் ஆண்டவன் அடக்கமான பொம்பளையைக் கொடுத்தான் என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்திருக்கிறேன். பார்த்தால் வாய் மூடுவதே கிடையாது. கோழியிடம் வழக்குப் பேசுகிறாள், பூனையிடம் ஊர் வம்பெல்லாம் சொல்கிறாள், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரை இடைமறித்துக் கேள்வி கேட்கிறாள். மத்தியானம் ஆனால் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு தாயம் ஆடுகிறாள். எதிரே பூனை உட்கார்ந்திருக்கும், அதற்கும் சேர்த்து அவளே கட்டையை உருட்டுவாள். பல நாள் பூனைதான் பழம் ஏறி ஜெயிக்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நீங்க வருவீங்கன்னு பார்த்துப் பார்த்து, கடைசியில பூனைய உக்கார வெச்சுட்டேனுங்க" என்றாள். அதற்கும் சேர்த்துச் சிரித்தேன். பிறகு பூனையை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன். என்னை அவள் ஜெயிக்கவே விடவில்லை.

சாயங்காலமானால் வயர் கூடை. நம் சொந்தக்காரர்களில் அவள் பின்னிய கூடை இல்லாத வீடு கிடையாது என்பது உனக்குத் தெரியும், எனக்கு அது எப்படி நடக்கிறது என்றே தெரியாது. நெல்லிக்காய் முடிச்சு என்று ஒன்றை எனக்குக் கற்றுக் கொடுத்தாள். என் விரலுக்கு அது வரவில்லை. ரோப்புக் கயிற்றை இழுத்துக் கட்டிய கை, இந்த மெல்லிசு வயரை நாலு இழுப்பில் அறுத்துவிட்டது. "நீங்க வேற எதாச்சும் வேலையப் பாருங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படித்தான் நான் நாய்ப் பக்கம் திரும்பினேன்.

டிரைவர் முட்டை கொண்டு வருவதை நீ பார்த்திருப்பாய். நான் இந்த மாசத்தில்தான் பார்த்தேன். கோழிகள் காப்பிச் செடிக்கடியில் போய் முட்டை போடும், இவன் மோப்பம் பிடித்துப் போய் வாயில் கவ்வி, ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து உன் அம்மா மடியில் வைக்கிறான். எங்கே கற்றது என்றால், அவள்தான் சோற்று உருண்டையை வைத்துப் பழக்கியிருக்கிறாள். கடித்தால் ஒன்றும் கிடையாது, கடிக்காமல் கொண்டு வந்தால் கருவாடு. எனக்கு ஆசை வந்துவிட்டது. நாம் இதற்கு மேலே ஒரு படி போவோம் என்று சணலை எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சுற்றி, நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்து, மேலே கருவாடு கழுவின தண்ணியைத் தெளித்து ஒரு உருண்டை செய்தேன். அதைக் கொண்டுபோய் ஒளித்து வைப்பேன், அவன் தேடிக் கொண்டுவந்து அவள் மடியில் போடுவான், அவள் சணலைப் பிரித்து உள்ளே இருக்கிற துண்டை அவனுக்குக் கொடுப்பாள். முதலில் வாசலில் ஒளித்தேன், அப்புறம் மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில், அப்புறம் குச்சிக்கிழங்குக் காட்டு ஓரத்தில். ரெண்டு கிழங்களும் குழந்தைப் பிள்ளைகள் மாதிரி கைதட்டிக்கொண்டு நின்றோம். பக்கத்து மேலவளவு வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்குப் பையன் கல்யாணத்துக்குச் செய்ய வேலையே இல்லீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன் கண்ணு. இந்த வயசில் இப்படி ஒரு மாசம் கிடைக்கும் என்று நான் எண்ணியதில்லை.

தீபாவளி கழிந்து ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல் மழை விட்டிருந்தது. உன் அம்மா கதவோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து கோமதிக்கென்று ஒரு கூடை பின்னிக்கொண்டிருந்தாள், பாதிதான் ஆகியிருந்தது. நான் சமையல்கட்டில் புது உருண்டை சுற்றி முடித்து, ஒளிக்கப் போகலாம் என்று வெளியே வருகிறேன். டிரைவர் காட்டுப் பக்கமிருந்து ஓடிவந்து உள்ளே நுழைந்தான். அவள் மடியில் இருந்த பாதிக் கூடைக்குள் எதையோ மெதுவாக வைத்தான். வைத்துவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். உன் அம்மா சிரித்துக்கொண்டே, "அட, நான் பார்க்காதப்பவே ஒளிச்சு வெச்சிட்டீங்களா" என்று அதைக் கையில் எடுத்து, சணல் நுனியைத் தேடிப் பிடித்து, பிரிக்கப் போனாள்.

என் உருண்டை என் கையில் இருந்தது.

அதை நான் பார்த்தேன், அவள் கையில் இருப்பதைப் பார்த்தேன். அதே பருமன், அதே சணல், அதே நாற்றம். காட்டுப்பன்றியை இழுக்கக் கருவாடு தடவி வைக்கிற வெடி அது, அவுட்டுக்காய். வெளியூரில் இருந்தாலும் எனக்குத் தெரியாதா? பன்றி வரும் தடத்தில் போட்டுவிடுவார்கள், அழுத்தினாலே வெடிக்கும், கடித்தால் தாடையோடு போகும். மாடு கடித்தாலும் அப்படித்தான், நாய் கடித்தாலும் அப்படித்தான். முட்டையைக் கவ்விப் பழகிய வாய் என்பதால் நம் டிரைவர் அதைக் கடிக்காமல் அவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கிறான். யார் வைத்தது என்று இன்று வரை தெரியவில்லை. கிழங்கைப் பன்றி பறித்துத் தின்கிறதே என்ற எரிச்சலில் யாரோ வைத்திருக்கிறார்கள், கேட்டால் அத்தனை பேரும் நானில்லை என்கிறார்கள்.

கத்தக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. கத்தினால் அவள் திடுக்கிட்டுக் கையை உதறுவாள். மலைப் பாதையில் பிரேக் போன லாரியை ஒரு தடவை ஓட்டி நிறுத்தியிருக்கிறேன், அன்றைக்குக்கூட என் நாக்கு இப்படி ஒட்டிக்கொள்ளவில்லை. "புள்ள, கைய அப்படியே வெச்சிரு. அது நம்ம உருண்டை இல்ல" என்று சொல்லி, என் கையில் இருந்ததைக் காட்டினேன். அவள் இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. சணல் நுனியைப் பிடித்திருந்த விரலை மெதுவாக விட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை, கை மட்டும் ஆடாமல் இருந்தது. நான் கிட்டப் போய் உட்கார்ந்து, அவள் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். அப்போது சொன்னாள் கண்ணு. கோபமே இல்லாமல், தண்ணி மொண்டு வருகிறீர்களா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

"நீங்க வெளிய போங்க. எதையும் தனியாச் சமாளிச்சே எனக்குப் பழக்கமாயிருச்சுங்க."

நான் போகவில்லை. ரெண்டு பேர் கையுமாக அதைப் பாதிக் கூடைக்குள் இறக்கி, கூடையைத் தரையில் வைத்தோம். வைத்த உடனே டிரைவர் பாய்ந்தான். அவனுக்கு அது விளையாட்டு, இன்னும் கருவாடு வரவில்லையே என்று மறுபடி கவ்வ வருகிறான். வந்த வேகத்தில் அவன் கழுத்தை அமுக்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டேன், முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வெளியே வந்தபிறகு அவளுக்குப் பூனை ஞாபகம் வந்துவிட்டது, ரேடியோ மேல் தூங்குகிறது என்று திரும்பி ஓடப் பார்த்தாள். நாயை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு மேலவளவு வரைக்கும் போனேன். பூனை எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. அப்புறம் அவர்கள் பையன் வண்டியில் போய் ஸ்டேஷனில் சொல்லி, ஆட்கள் வந்து, கூடையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். மேலவளவு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். உன் அம்மா டம்ளரை வாங்கிக் குடித்தாள். என்னால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவளே பிடித்துக் கொடுத்தாள்.

எல்லாரும் நான் வெடிக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். பயந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க என்னை ஆட்டியது அதில்லை. அவள் சொன்ன அந்தப் பேச்சுதான். சாகப் போகிறோமோ என்கிற நேரத்தில் மனுஷிக்கு வாயில் வருவது உள்ளே கிடப்பதாகத்தானே இருக்கும். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், கைக்கடியில் கை இருக்கிறது, அவளுக்கு அது ஒரு துணையாகவே படவில்லை. அதில் எனக்கு ஆபத்து என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் என்ன, வந்துபோன விருந்தாளியா?

யோசித்துப் பார்த்தேன். விருந்தாளிதான். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, உன்னைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸில் மலையிறங்கியிருக்கிறாள். எனக்குத் தகவல் கிடைத்தபோது உனக்கு உடம்பு தேறி நீ பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாய். காற்றில் கூரை ஓடு பறந்த வருஷம் அவளே ஏறிச் சாக்கைப் போட்டு மூடி, அப்புறம் புது ஓடும் மாற்றியிருக்கிறாள், நான் வந்து பார்த்துவிட்டு, ஓட்டின் நிறம் வேறாக இருக்கிறதே என்று கேட்டேனாம். நீ சின்னவனாக இருக்கும்போது அவள் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, இந்த ஆளு எப்பப் போவாரு?" என்று கேட்டாய். நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம். என் கூட்டாளிகளுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவள் அன்றைக்குச் சிரித்தாளா, சிரித்த மாதிரி இருந்தாளா என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

ரெண்டு நாள் பொறுத்துவிட்டு அவளிடமே கேட்டுவிட்டேன், கோபத்தில் அப்படிச் சொன்னாயா என்று. எப்படிச் சொன்னேன் என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. நான் சொல்லிக் காட்டியதும், "ஆமா, அதுல என்னங்க இருக்குது? நெசந்தானே" என்று கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முப்பது வருஷமாகப் பணம் அனுப்பினேன், குடிக்கவில்லை, இன்னொரு ஊரில் இன்னொரு வீடு வைக்கவில்லை, அதனால் நல்ல புருஷன் என்றே என்னை எண்ணிக்கொண்டிருந்தேன். கெட்டவனாக இருந்தால்கூட அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கும். எனக்கும் அவளைத் தெரிந்திருக்கும். அவள் தாயக்கட்டையை உருட்டும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்பது எனக்கு இந்த ஐப்பசியில்தானே தெரியும்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி, என் கதை அவ்வளவுதான். உன் கதை இன்னும் அடுப்பில் ஏறவில்லை. ரெண்டு வருஷந்தான் என்கிறாய். நான் லாரியேறும்போது ஒரு வருஷந்தான் என்று சொன்னேன், உன் அம்மாவைக் கேட்டுப் பார். கோமதி உன் அம்மாவுக்குத் துணை என்கிறாய். உன் அம்மாவுக்குத் துணை நான்தான். காலம் கடந்து வந்தாலும் வந்துவிட்டேன், இனி எங்கேயும் போவதாக இல்லை. அந்தப் பெண்ணைத் தாலி கட்டிக் கூட்டி வந்து நம் வீட்டில் நிறுத்திவிட்டு நீ போனால், அவள் முதல் மாசம் அழுவாள், ஆறாம் மாசம் போனில் உன்னிடம் கோபப்படுவாள், அதற்குப் பிறகு அழவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். அப்போது நீ எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சம்பாதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை சாமி. செம்மேட்டில் ரிட்டையர் ஆன ஒரு வாத்தியாரிடம் விசாரித்தேன். அவர் மகனும் இதே வேலைக்குத்தான் போயிருக்கிறான், பெண்டாட்டியோடு. கேட்டால் ரெண்டு பேருக்கும் விசா கொடுக்கிறார்களாம், கொஞ்சம் தாமதமாகுமாம், குறுகலான ரூமில் குளிரில் கஷ்டப்பட வேண்டியிருக்குமாம். படட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து படட்டும். அவள் எப்படிச் சிரிப்பாள், எதற்கு எரிந்துவிழுவாள், சும்மா இருக்கிற நேரத்தில் என்ன செய்வாள் என்று நீ பார்க்க வேண்டும். வெட்டியாக ஒரு நாயைப் பழக்குங்கள், தாயம் ஆடுங்கள், என்ன இழவையாவது செய்யுங்கள். நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்து நிற்கிறவனைப் பெண்கள் மரியாதையாக உட்காரவைத்துச் சோறு போடுவார்கள், அவ்வளவுதான் கிடைக்கும்.

டிரைவர் நன்றாக இருக்கிறான். உருண்டை விளையாட்டை அன்றோடு நிறுத்தியாகிவிட்டது, காட்டுப் பக்கம் போகாமல் கட்டி வைத்திருக்கிறோம், ஊர் முழுக்க மாடு மேய்க்கிறவர்களுக்கும் சொல்லிவிட்டோம். உன் அம்மா அந்த வாரம் முழுக்கக் கூடை பின்னவில்லை. வயரை எடுப்பாள், மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்ப்பாள், திரும்ப வைத்துவிடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இதுவரை எழுதியதை இப்போது அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாய்க்குப் பேர் வைத்த கதைக்குச் சிரித்தாள். அவள் சொன்ன அந்தப் பேச்சு வந்ததும் முகம் மாறிவிட்டது. பையன் சங்கடப்படுவான், அதை மட்டும் அடித்துவிடுங்கள் என்றாள். சரி என்று பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"வேண்டாங்க, இருக்கட்டும். கோமதியாச்சும் இதைச் சொல்லாம இருக்கோணும்" என்றாள்.

அதனால் அடிக்காமல் அனுப்புகிறேன். டிக்கெட் போட்டால் ரெண்டாகப் போடு கண்ணு. இல்லாவிட்டால் போடாதே.

உன் அப்பா